வெளிநாட்டில் விற்ற எங்கள் பொருளால் பிள்ளைக்குச் சுகவீனம்: அறிவிக்க வேண்டியவர் யார்?

மாங்குளத்திலிருந்து ஒருவர் கேட்டது:
வணக்கம். எங்கள் மகளிர் குழு பனங்குருத்தோலையில் கிளி, மயில் போன்றவற்றை இழைத்து, மெல்பேர்ணில் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் ஊடாக விற்று வருகின்றது. கிளியின் கண்ணுக்குக் குன்றிமணியைத் துளையிட்டுத் தைப்பது எங்கள் வழக்கம். அங்கே ஒரு வீட்டில் சிறுபிள்ளை அந்த மணியைக் கடித்துத் தின்று, வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டு, ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று இப்போது தேறியிருப்பதாகத் தாயார் கடைக்கு எழுதியிருக்கின்றார். காரணம் கிளிதான் என்று மருத்துவர் எழுதித் தராத நிலையில் நாமாக அறிவித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று உறவினர் தயங்குகின்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அறிவிக்கும் கடமை யாருடையது? இங்கிருந்து நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

மெல்பேர்ணிலிருந்து பதில்:
அக்கா, உங்கள் உறவினர் இன்றே அறிவிக்க வேண்டும். 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 131ஆம் பிரிவின்படி, தாம் விற்ற பொருளால் ஒருவர் இறந்ததாகவோ கடுமையாகக் காயமுற்றதாகவோ நோயுற்றதாகவோ தெரியவந்தால், விற்பவர் இரண்டு நாள்களுக்குள் எழுத்தில் அறிவித்தாக வேண்டும். மருத்துவரோ தாதியோ சிகிச்சை அளிக்க வேண்டியிருந்த திடீர்ச் சுகவீனம் இதற்குள் அடங்கும். மருத்துவச் சான்று வரும்வரை காத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. பொருள் காரணமாக இருக்கலாம் என்று விற்பவர் கருதினாலும், வேறொருவர் அப்படிக் கருதுவது அவருக்குத் தெரியவந்தாலும் கடமை தொடங்கிவிடுகின்றது. தாயாரின் கடிதமே அதற்குப் போதும். பிள்ளை மணியைத் தின்றது பிழையான பாவனை என்றும் தப்ப முடியாது, ஏனென்றால் முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய பிழையான பாவனையையும் சட்டம் சேர்த்தே சொல்கின்றது. உறவினரின் அச்சத்துக்கும் அதே பிரிவில் விடை உண்டு: அறிவிப்பதைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது என்று அது வெளிப்படையாகக் கூறுகின்றது.

இந்த அறிவித்தல், அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழுவின் (ACCC) பொருட்பாதுகாப்பு இணையத்தளம் ஊடாக அமைச்சருக்குச் செல்லும். பொருள் எது, எத்தனை எப்போது செய்யப்பட்டு இறக்குமதியாகி விற்கப்பட்டன, நடந்தது என்ன, எடுத்த நடவடிக்கை என்ன என்பவற்றைத் தெரிந்த அளவில் எழுத வேண்டும். செய்தவருக்கு அந்நாட்டில் வியாபார நிலையம் இல்லாதபோது இறக்குமதி செய்தவரே உற்பத்தியாளராகக் கருதப்படுவார். ஆகவே அவருக்குத் தேவையான விபரங்களை நீங்கள் தாமதமின்றி அனுப்ப வேண்டும். கிளிகள் ரொறன்ரோவுக்கும் போகுமானால், அங்கும் இரண்டு நாள்தான். அங்கே விற்பவர் தமக்குப் பொருள் தந்தவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாதி:
சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்த மணி. குன்றிமணிக்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. மணியை முழுதாக விழுங்கினால் வலிய தோல் காரணமாகப் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். துளையிட்டதும் கடித்து உடைத்ததும் அப்படியல்ல, உள்ளிருப்பது வெளிப்பட வழி திறந்துவிடுகின்றது. அறிகுறிகள் சில மணித்தியாலங்களிலோ, சில நாள்கள் கழித்தோ தோன்றலாம் என்பதால், வேறு வீடுகளில் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். பிரித்தானியாவில் 2011இல் குன்றிமணி கோத்த கைவளைகள் இதே காரணத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டன. துளையிடும் பெண்களும் அந்தத் தூளைச் சுவாசிக்காமல் இருக்க வேண்டும். தயவுசெய்து அந்த வேலையை நிறுத்துங்கள்.

வவுனியாவிலிருந்து ஒரு கடைக்காரர்:
அதே கிளிகள் வற்றாப்பளைப் பொங்கலிலும் விற்கப்படுகின்றனவே, அவற்றையும் மறக்க வேண்டாம். இங்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, வாங்கியவர் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் சொல்லலாம். ஆனால் திருவிழாக் கடையில் வாங்கியவர் பற்றுச்சீட்டை வைத்திருப்பது அரிது, முறைப்பாடு வருவதோ அதைவிட அரிது. ஆகவே செய்தவரும் விற்றவரும் தாமாக முன்வந்து சொல்லாவிட்டால் தாய்மாருக்குத் தெரிய வழியில்லை.

மாங்குளத்திலிருந்து கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. 131ஆம் பிரிவைப் பற்றிய விளக்கத்தை உறவினருக்கு அனுப்பினேன். இன்றிரவே எழுதுவதாகச் சொன்னார். எந்தப் பொதியில் எத்தனை கிளிகள் போயின என்பதைக் கணக்குக் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கின்றேன். இங்கு வாங்கி விற்ற கடைக்காரர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டேன். அவர்களிடம் மீதமுள்ள கிளிகளை நாங்களே பணம் கொடுத்துத் திரும்ப வாங்குவோம். இனிக் கண்ணைச் சாயமேற்றிய ஓலையிலேயே பின்னுவோம்.