எக்செல்: எண் தெரியக் கூடாது, கலர் மட்டும் இருக்க வேண்டும் (அவசரம்)

மழைமானி டீச்சர்
நாளைக் காலையில் பிரிண்ட் கொடுத்தாக வேண்டும். மழை அளவு போட்ட கட்டங்களில் எண் தெரியக் கூடாது, கலர் மட்டும் வேண்டும். எண்ணை அழித்தால் கலரும் சேர்ந்து போய்விடுகிறது. எழுத்தை வெள்ளையாக்கிப் பார்த்தேன், அடர் நீலக் கட்டத்தில் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. கட்டத்தைக் குறுக்கினால் #### என்று வருகிறது. யாராவது சொல்லுங்கள்.

கணினி அண்ணாச்சி
கம்ப்யூட்டரா, போனா? எக்செல் எந்த வருஷத்தது?

வரப்போரம்
கலர் எப்படி வந்தது டீச்சர்? கையால் பூசினீர்களா, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கா (எண்ணைப் பார்த்து எக்செலே கலர் போடுவது)? அதிலும் கலர் ஸ்கேலா (எண் கூடக் கூடக் கலர் படிப்படியாக மாறுவது), தனித்தனி விதியா? எண்ணை அழித்தால் கலர் போகிறது என்றால் கையால் பூசியது இல்லை என்று மட்டும் தெரிகிறது.

நீலாம்பல்
எதற்கு இவ்வளவு கேள்வி? ஒவ்வொரு விதியிலும் கட்டத்துக்கு என்ன கலரோ அதையே எழுத்துக்கும் கொடுங்கள். நீலத்தின் மேல் நீலம், யாருக்கும் தெரியாது. எங்கள் கடை ஸ்டாக் கணக்கில் பல வருஷமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அட்டவணை ஆசான்
இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள், கன்ட்ரோலும் 1-ம் சேர்த்து அழுத்துங்கள், நம்பர், அதில் கஸ்டம். டைப் பெட்டியில் இருப்பதை முழுக்க அழித்துவிட்டு ;;; போடுங்கள். எக்செலின் முதல் பாடம் அம்மா இது. நீலாம்பல் சொன்னது கலர் ஸ்கேலில் செல்லாது, அங்கே எழுத்தின் கலரை மாற்ற இடமே இல்லை. டேட்டா பாருக்கும் ஐகான் செட்டுக்கும் எண்ணை மறைக்க ஒரு டிக் பெட்டி உண்டு, கலர் ஸ்கேலுக்கு அதுவும் கிடையாது.

மழைமானி டீச்சர்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். பள்ளிக் கம்ப்யூட்டர், எக்செல். கலர் ஸ்கேல்தான், வெள்ளையிலிருந்து அடர் நீலம் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள், நாளுக்கு ஒரு கட்டம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி மழைமானியில் அளந்து எழுதியது. சுவரில் ஒட்டினால் கலரை மட்டும் பார்த்து எந்த வாரம் மழை கொட்டியது என்று அவர்களே சொல்ல வேண்டும், அதற்குத்தான்.
ஆசான் சொன்ன மாதிரி போட்டேன். எண்கள் போய்விட்டன, #### கூடப் போய்விட்டது. ஆனால் சில கட்டங்களில் ‘தூறல்’ என்று எழுதியிருந்தோம், அது மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தக் கட்டங்களுக்குக் கலரும் இல்லை.

வரப்போரம்
டைப் பெட்டிக்குப் போய் எத்தனை ; இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெட்டிக்கு நான்கு அறை: கூட்டல் எண், கழித்தல் எண், பூஜ்யம், கடைசியில் எழுத்து. மூன்று ; போட்டால் நான்கு அறையும் காலி. இரண்டோடு நிறுத்தினால் எண் மட்டும் மறையும், எழுத்து நிற்கும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.
கலர் ஸ்கேல் எண்ணை மட்டுமே பார்க்கும், எழுத்துள்ள கட்டத்தைத் தொடாது. தூறலுக்குத் தனியாக ஒரு விதி சேருங்கள், ‘டெக்ஸ்ட் தட் கன்டெய்ன்ஸ்’ என்று இருக்கும்.

அட்டவணை ஆசான்
எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தைப் போட்டதே பிழை. தூறல் எல்லாவற்றையும் 0.1 ஆக்குங்கள், பிரச்சினையே இராது.

வரப்போரம்
அது கூடவே கூடாது. பிள்ளைகள் மானியில் அளக்க முடியாமல்தான் ‘தூறல்’ என்று நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். 0.1 போட்டால் பதினைந்து தூறல் நாளில் பெய்யாத 1.5 மி.மீ. மொத்தக் கணக்கில் ஏறிவிடும்.
இன்னொன்று. ஒரே நாளில் 180 மி.மீ. கொட்டியிருந்தால் கலர் ஸ்கேல் அதையே உச்சமாக வைத்துக்கொள்ளும். 20 மி.மீ. பெய்த நாள் பெய்யாத நாள் மாதிரி வெளுத்துக் கிடக்கும். வானிலைத் துறையின் அளவுகளை வைத்துத் தனித்தனி விதி போடுவது நல்லது: 2.5 முதல் 15.5 வரை லேசான மழை, 64.4 வரை மிதமான மழை, 115.5 வரை கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை.

கணினி அண்ணாச்சி
ஃபைலை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். எண் உள்ளே அப்படியேதான் இருக்கிறது, கட்டத்தைத் தொட்டால் மேலே ஃபார்முலா பாரில் தெரியும். பேப்பரில் பிரிண்ட் எடுத்தால் கவலை இல்லை.

நீலாம்பல்
சனி, ஞாயிறு யார் அளந்தது? யாரும் அளக்கவில்லை என்றால் திங்கள்கிழமைக் கட்டத்தில் மூன்று நாள் மழை சேர்ந்து நிற்கும்.

வரப்போரம்
நல்ல கேள்வி. எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். வானிலைத் துறை காலை 8.30-க்கு அளந்து, அதற்கு முந்தைய 24 மணி நேர மழையை அளந்த நாளின் தேதியில்தான் எழுதும்.

நீலாம்பல்
அது அவர்கள் வழக்கம். ராத்திரி பத்து மணிக்குக் கொட்டிய மழை பிள்ளைகளுக்கு நேற்றைய மழைதானே? நனைந்துகொண்டு வீட்டுக்குப் போன நாளை அவர்கள் மறக்க மாட்டார்கள். கட்டம் மறுநாளில் இருந்தால் சார்ட் தப்பு என்றுதான் சொல்வார்கள். ஒரு நாள் முன்னால் தள்ளிப் போடுங்கள் டீச்சர்.

வரப்போரம்
தள்ளினால் செய்தியில் வருகிற கணக்கோடு ஒப்பிட முடியாது. அளந்த தேதியே இருக்கட்டும், ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

அட்டவணை ஆசான்
கேட்டது எண்ணை மறைக்க. அதற்குப் பதில் சொல்லியாயிற்று.

மழைமானி டீச்சர்
இரண்டு ;தான் போட்டிருந்தேன். மூன்றாவது போட்டதும் சுத்தம். தூறலுக்கு இளம் சாம்பல் கொடுத்தாயிற்று. விதி மாற்ற நேரமில்லை, ஸ்கேலோடே பிரிண்ட் கொடுத்துவிட்டேன். சனி, ஞாயிறு பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அளந்தாள். தினமும் காலையில்தான், பிரேயருக்கு முன்னால். எல்லாருக்கும் நன்றி.

வரப்போரம்
அப்படியென்றால் தேதி வரிசைக்கு மேலே ‘அன்று காலை வரை பெய்தது’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிடுங்கள் டீச்சர். ஒட்டும் முன்னால்.