மருத்துவக் கனவுக்கு எந்த அமெரிக்கக் கல்லூரி?

வணக்கம். திருச்சியில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் என் மகளுக்கு ஒஹையோவில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்திலும் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய தனியார் கல்லூரியிலும் உயிரியல் இளங்கலைக்கு இடம் கிடைத்துள்ளது. மே 1-க்குள் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். முன்னதற்கு ஆண்டுக்கு 46,000 டாலர், பின்னதற்கு உதவித்தொகை போக 29,000.

பொதுவாக நான்காண்டு இளங்கலையும் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வும் முடித்த பிறகே மருத்துவக் கல்லூரியில் சேர முடியும் என்பது தெரியும். உறுத்துவது அதற்கடுத்த படிதான்: பல அரசு மருத்துவக் கல்லூரிகள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களின் விண்ணப்பத்தையே ஏற்பதில்லை, ஏற்கும் தனியார் கல்லூரிகளிலும் சில, நான்காண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் வைக்கச் சொல்கின்றன. அமெரிக்க அரசின் கல்விக்கடனும் இவளுக்குக் கிடையாது.

தங்களிடம் படித்த வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேர் மருத்துவத்தில் சேர்ந்தார்கள் என்று இரு இடங்களுக்கும் மின்னஞ்சலில் கேட்டோம். பல்கலைக்கழகம் பதிலே தரவில்லை. கல்லூரி அனுப்பிய வண்ணப் பக்கத்தில் மொத்த விகிதம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. குடிமக்கள், வெளிநாட்டினர் என்ற பிரிவே இல்லை. இங்குள்ள ஆலோசகரோ, "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம் சார்" என்கிறார்.

எஃப்-1 விசாவில் இளங்கலை முடித்து அங்கேயே மருத்துவத்தில் சேர்ந்தவர்கள், இவ்விரண்டு வகைக் கல்லூரிகளில் எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வீர்கள், எதனால்?