டெல்டேல் என்றால் கோள்மூட்டிதானே?

வெள்ளவத்தை அக்கா: பக்கத்துக் காணியில் அத்திவாரத்துக்குப் பைல் தூண்கள் அடிக்கத் தொடங்கியதிலிருந்து எங்கள் ஹோல் சுவரில் சரிவாக ஒரு வெடிப்பு. பார்க்க வந்த இன்ஜினியர் "டெல்டேல் ஒட்டுவோம்" என்கிறார். எனக்குத் தெரிந்த டெல்டேல், டீச்சரிடம் கோள்மூட்டும் பிள்ளைதான். சுவருக்கு எதற்கு?

சைட் தம்பி: அதே கோள்தான் அக்கா! வெடிப்புக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் இறுக்கி ஒட்டி, திகதி எழுதிவிடுவார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று அர்த்தம், ஆனால் எவ்வளவு என்று அது சொல்லாது. மில்லிமீட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் தகடு கேளுங்கள், கிழமைக்கொருமுறை போட்டோவும் எடுத்து வையுங்கள்.

ரிட்டயர்ட் மாஸ்டர்: அடைமொழியாகவும் வரும் பிள்ளை. எண்ணெய்ப் பலகாரமான தொதலைத் தொடவே இல்லை என்று சத்தியம் பண்ணும் பேரனின் விரலில் எண்ணெய் மினுங்குகிறதே, அது டெல்டேல் அடையாளம். கிவ்எவே என்றாலும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் கடைக்காரர் சொன்னால் இலவசம்!

கராஜ்காரன்: கார் டாஷ்போர்டில் எரியும் ஒயில், பற்றரி லைட்டுகளுக்கும் அதே பேர், வாகனக் குறியீடுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 2575 தலைப்பிலேயே இருக்கிறது. பாய்க்கப்பலில் பாயில் ஒட்டும் நூல்துண்டும் டெல்டேல்தான், காற்று பாயை ஒட்டிச் சீராகப் போகிறதா என்று பார்க்க.

வெள்ளவத்தை அக்கா: சரி, நாளைக்கே தகடு ஒட்டச் சொல்கிறேன். மாஸ்டர், உங்கள் பேரன் பாவம்.