பழகும் முன்பே மதிப்பெண் போடும் பழக்கம்: உதவுங்கள்

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். டேட்டிங் செயலியில் யாரும் பதில் போடாத நாளில், எதற்கும் லாயக்கில்லாதவள் போலத் தோன்றுகிறது. படம், உயரம், வேலை, சம்பளம். இவ்வளவுதானா நான்?

ஈஸ்ட்விக், ஹன்ட் என்ற உளவியலாளர்களின் 2014 ஆய்வைப் படித்தேன். யார் ஈர்ப்பானவர் என்பதில் புதிதாகச் சந்திப்பவர்கள் ஓரளவு ஒத்துப்போகிறார்களாம். பழகப் பழக ஆளுக்கொரு கருத்தாம். அது பெரிய ஆறுதல். என் நெருங்கிய தோழியே முதலில் என்னைத் திமிர் பிடித்தவள் என்றுதான் நினைத்திருந்தாள்.

சரி, ஆனால் செயலியில் பழக அவகாசமே இல்லையே. அப்புறம், நானும் மற்றவர்களை ஒரு நொடியில்தான் ஒதுக்குகிறேன், அது உறுத்துகிறது. மெதுவாகப் பழக வழி கண்டவர்கள் இருக்கிறீர்களா? வாரந்தோறும் கூடும் வகுப்பு, தன்னார்வக் குழு போன்றவை உதவினவா? எப்படித் தொடங்கினீர்கள்?