பாதி வாட்டர்ஃபால், பாதி அஜைல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்
(வாட்டர்ஃபால்: எல்லாவற்றையும் முதலிலேயே திட்டமிட்டு வரிசையாக முடிப்பது. அஜைல்: சின்னச் சின்னப் பகுதியாக முடித்து, காட்டி, மாற்றிக்கொண்டே போவது.)

ஓஎம்ஆர்_வாசி:
மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். ஜெர்மனியில் ஒரு இன்சூரன்ஸ் கிளையன்ட், ஃபிக்சட் பிரைஸ், அதாவது முன்பே பேசி முடித்த ஒரே விலை. 200 பக்கத்துக்கு மேல் டிசைன் டாக்குமெண்ட், அதற்குக் கிளையன்ட் ஒப்புதல் கையெழுத்து (சைன்-ஆஃப்) போட்டதும் முதல் பில்லிங், அதன்பிறகு இரண்டு வார ஸ்பிரிண்டுகள், அதாவது குட்டி வேலைச் சுற்றுகள். மேலிடத்துக்கு வேலைகளைத் தேதிவாரியாகக் காட்டும் கேன்ட் சார்ட், எங்களுக்கு எந்த வேலை எந்த நிலையில் என்று காட்டும் ஜிரா போர்டு. பிஎம் (ப்ராஜெக்ட் மேனேஜர்) இதற்கு வைத்த பெயர் ஹைப்ரிட். எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஐந்தாவது ஸ்பிரிண்ட் டெமோவுக்குத்தான் முதல்முறையாக, தினமும் க்ளெய்ம் பார்க்கிற ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள். நான் திரையைக் காட்டி முடித்ததும், ஒரே க்ளெய்முக்கு ஆள் இரண்டாம் தடவை போன் செய்தால் அதை எங்கே குறித்து வைப்பது என்று கேட்டார். பிஎம் மியூட்டில் போட்டுவிட்டு, "அது டாக்குமெண்ட்ல இல்லப்பா, சிஆர் போடச் சொல்லிடு" என்றார் (சிஆர் என்றால் சேஞ்ச் ரிக்வெஸ்ட், தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டிய மாற்றக் கோரிக்கை). அப்படியே சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்கிற குரலில், "மாற்ற முடியாதென்றால் எனக்கு எதற்குக் காட்டுகிறீர்கள்?" என்றார்.

நான் அடுத்த திரைக்குப் போய்விட்டேன். பதிலே சொல்லவில்லை. வேலை என்று பார்த்தால் இரண்டு நாள், சேஞ்ச் ரிக்வெஸ்டுக்குக் கையெழுத்து வாங்க மட்டும் ஆறு வாரம்.

சைட்டு_இன்ஜினியர்:
நான் ஐடி இல்லை, சிவில். ஆனால் இதே கூத்து எங்களிடமும் உண்டு. ஐந்து மாடிக் கட்டடம், ஹெட் ஆபீஸ் பிரைமவேரா என்ற மென்பொருளில் ஷெட்யூல் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டது. புதிதாக வந்த பிளானிங் மேனேஜர் அதைத் தொடாமல், வாராவாரம் மேஸ்திரிகளை உட்காரவைத்து, அடுத்த வாரம் எதை முடிப்பீர்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து ஸ்டிக்கி நோட்டில் எழுதி ஒட்டினார். லாஸ்ட் பிளானர் என்பார்கள், 90களில் அமெரிக்காவில் கிளென் பாலார்டும் கிரெக் ஹோவெலும் கொண்டுவந்தது. சொன்னதில் எத்தனை முடிந்தது என்று சதவீதம் போடுவார்கள்.

முதல் வாரம் எல்லோரும் "ஆயிடும் சார், ஆயிடும் சார்". இரண்டாவது வாரம் எலக்ட்ரிக்கல் மேஸ்திரி மட்டும் எழுந்து, "வியாழக்கிழமை ஸ்லாப் போட முடியாது சார், கன்ட்யூட் குழாய் இன்னும் சைட்டுக்கே வரலை" என்றார். இருபது வருடம் வேலை பார்த்தவர், மீட்டிங்கில் முடியாது என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் கான்கிரீட் போட்ட பிறகு ஸ்லாப்பைக் கொத்திக் குழாய் இறக்கியிருப்போம். ஹெட் ஆபீஸ் என்ன செய்தது தெரியுமா? இரண்டு நாள் தாமதம் என்று அந்த வரியைச் சிவப்பாக்கி அவருக்கே நோட்டீஸ் அனுப்பியது. அதற்குப் பிறகு அவர் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை.

எல்லாவற்றையும் அஜைல் ஆக்கிவிடலாம் என்று பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாலரை மீட்டருக்கு மேல் ஸ்பான் (தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரம்) உள்ள ஸ்லாப்புக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 சொல்கிறது, அதை எந்த ஸ்பிரிண்டிலும் சுருக்க முடியாது.

பழைய_பிஎம்:
ஓஎம்ஆர் தம்பி, உங்களுடையது ஹைப்ரிட்டே இல்லை, வாட்டர்ஃபாலுக்கு ஸ்பிரிண்ட் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள். வாட்டர்-ஸ்க்ரம்-ஃபால் என்று அதற்குப் பெயரே உண்டு. எல்லோரும் வாட்டர்ஃபாலைத் திட்டுகிறார்கள், ஆனால் படிப்படியாக இறங்கும் அந்தப் படத்தை 1970இல் போட்ட வின்ஸ்டன் ராய்ஸ், இதை அப்படியே பின்பற்றினால் ஆபத்து என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். 2001இல் அமெரிக்காவின் யூட்டாவில் கூடி அஜைல் கொள்கை அறிக்கையை எழுதிய 17 பேரும் ஒப்பந்தமே கூடாது என்று சொல்லவில்லை, அதைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது பெரிது என்றார்கள், அவ்வளவுதான்.

என் அனுபவம் சின்னது. ஒரு சில்லறைக் கடை கிளையன்ட், நானும் உங்கள் பிஎம் மாதிரியே சிஆர் சிஆர் என்று நின்றேன், அடுத்த கான்ட்ராக்ட் எங்களுக்கு வரவில்லை. அதில் கற்றதைச் சொல்கிறேன். முதலில் எதை இறுக்குவது, எதைத் தளர்த்துவது என்று பிரியுங்கள். மற்ற சிஸ்டங்களோடு பேசும் இடம், டேட்டா மைக்ரேஷன், அரசுக்குப் போகிற ரிப்போர்ட் இவையெல்லாம் முன்கூட்டியே உறுதியாக வேண்டும். திரை, பட்டன், குறிப்புக் கட்டம் இதெல்லாம் ஸ்பிரிண்டில் மாறலாம். ஒப்பந்தத்திலேயே ஒரு மாற்று விதி எழுதிக்கொள்ளுங்கள்: இன்னும் தொடாத ஒரு வேலையை எடுத்துவிட்டு அதே அளவுள்ள புது வேலையைப் போட்டால் சிஆர் தேவையில்லை, விலையும் மாறாது. அந்த அம்மா கேட்டதை அப்படி ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். நிஜமாக உபயோகிப்பவரை சைன்-ஆஃபுக்கு முன்பே கூப்பிடுங்கள், ஐந்தாவது ஸ்பிரிண்டில் அல்ல. ப்ராஜெக்டை மேற்பார்வை பார்க்கும் ஸ்டீரிங் கமிட்டிக்கு மாதம் ஒருமுறை ஒரே பக்கத்தில் ரிப்போர்ட், அதில் மைல்ஸ்டோன் மட்டும் இருக்கட்டும், வேலையின் அளவுக்கு டீம் போடும் ஸ்டோரி பாயிண்ட் கணக்கை அங்கே காட்டவே காட்டாதீர்கள், அடுத்த மாதம் அது ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். அப்புறம்

டெஸ்டர்_பொண்ணு:
சார், பாதியில் போஸ்ட் ஆகிவிட்டது, நல்லதுதான். ஒப்பந்தத்தில் எழுதுங்கள் என்கிறீர்கள், எங்களைக் கேட்டா எழுதுகிறார்கள்? நான் ப்ராஜெக்டுக்குள் வரும்போது தேதி ஏற்கெனவே சேல்ஸ் டீம் கொடுத்துவிட்டதாக இருக்கும்.

எங்களிடம் டெவலப்மெண்ட் ஸ்பிரிண்டில், டெஸ்டிங் மட்டும் பழைய பாணியில் கடைசியில். ஒவ்வொரு ஸ்பிரிண்டும் இரண்டு நாள் தள்ளும், கோ-லைவ் தேதி, அதாவது நிஜ உபயோகத்துக்கு விடும் தேதி மட்டும் நகராது, ஆக அத்தனை நாளும் எங்கள் கணக்கில் விழும். மூன்று வாரம் என்றிருந்த யூஏடி (உபயோகிப்பவர் ஏற்பதற்கு முன் நடக்கும் கடைசிச் சோதனை) நான்கு நாளாகிவிட்டது. போகி அன்று இரவு பதினொன்றரைக்கு 61ஆவது பக்கை (பிழையை) லாக் செய்துகொண்டிருந்தபோது கிளாம்பாக்கத்திலிருந்து பஸ் கண்டக்டர் போன், "ஏம்மா, வர்றீங்களா இல்லையா, வண்டிய எடுக்கப் போறோம்". எடுத்துக்கங்கண்ணா என்றேன். பக்கத்து சீட்டில் டெவலப்பர், அவர் ஜிராவில் எல்லாமே 'முடிந்தது' பச்சை. எங்கே முடிந்தது என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

போர்டு_ஃபர்ம்வேர்:
மருத்துவக் கருவிக்கு ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள் எழுதுகிறேன். டாக்குமெண்டை வில்லனாக்க வேண்டாம். எங்களுக்கு மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஇசி 62304 என்ற தரவிதி உண்டு, அது எந்த முறையில் வேலை செய்தாலும் தடுக்காது, ஆனால் ஒவ்வொரு தேவையும் எந்த டெஸ்டில் சரிபார்க்கப்பட்டது என்று காட்டச் சொல்லும். நாங்கள் ஸ்பிரிண்டிலேயே அதையும் எழுதிவிடுகிறோம். எங்களுக்கு வலித்தது மோல்டு, அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு. பிளாஸ்டிக் மேல்மூடிக்கு அந்த அச்சை வெட்டிய பிறகு ஒரு நர்ஸ் கையுறையோடு அழுத்திப் பார்த்து, ஒரே அழுத்தில் இரண்டு பட்டன் அமுங்குகிறது என்றார். மென்பொருளில் ஒட்டுப் போட்டோம். இப்போதும் அந்தக் கருவியை ஆஸ்பத்திரியில் பார்த்தால் பட்டனைத்தான் முதலில் பார்ப்பேன்.

டெஸ்டர்_பொண்ணு:
ஓஎம்ஆர், அந்த அம்மாவுக்கு அந்தக் கட்டம் வந்ததா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

ஓஎம்ஆர்_வாசி:
வந்தது, கோ-லைவுக்குப் பிறகு இரண்டாவது ரிலீஸில். அதுவரை அந்த ஆபீஸில் எல்லோரும் ஷேர்டு டிரைவில் ஒரு எக்செல் வைத்துக் குறித்துக்கொண்டிருந்தார்கள். போன மாதம் சப்போர்ட் டீமில் விசாரித்தேன், இன்னமும் எக்செல்தான். எங்கள் கட்டத்தில் தேதிவாரியாகத் தேட முடியாதாம். தேட முடிய வேண்டும் என்று சிஆரில் எழுதவில்லை.