புதுப்பிப்பு: பாடசாலை நாட்களில் மட்டும் மகனுக்கு வரும் வயிற்றுவலி

திருகோணமலை உவர்மலையிலிருந்து வான் வண்டியில் பாடசாலை செல்லும், ஏழாம் தரத்தில் படிக்கும் மகனுக்குப் பாடசாலை நாட்களில் மட்டும் வயிற்றுவலி வருவதையும், சகமாணவர் சிலர் அவனைத் தொடர்ந்து கேலி செய்வதையும் முன்னர் எழுதியிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

உடலில் கோளாறில்லை என்று வைத்தியர் கூறிவிட்டார். பாடசாலையை மாற்றுமாறு பலர் சொல்லியிருந்தாலும், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பிள்ளைகளின் பலங்களையும் சிக்கல்களையும் அறிய உதவும், 25 கூற்றுகள் கொண்ட எஸ்.டி.கியூ. (SDQ) என்ற வினாப் படிவத்தின் தமிழ் வடிவத்தை நாங்களும் வகுப்பாசிரியரும் தனித்தனியே நிரப்ப வேண்டும் என்ற யோசனையே பலன் தந்தது. அது நோயை உறுதிசெய்வதன்று. மனவெழுச்சி, நடத்தை, மிகைத்துடிப்பு, சகபாடி உறவு, பிறர்க்குதவும் இயல்பு ஆகியவற்றை வெவ்வேறாகக் காட்டுவது.

எதிர்பாராதது இதுதான்: எங்கள் படிவத்தில் மனவெழுச்சிப் பகுதியில் மட்டும் சிக்கலைக் காட்டும் புள்ளி உயர்ந்திருக்க, வகுப்பாசிரியருடையதில் நடத்தைப் பகுதியிலும் உயர்ந்திருந்தது. காரணம் பின்னர் தெரிந்தது. வானின் பின்னிருக்கையில் தன்னிலும் சிறிய பையனின் தண்ணீர்ப் போத்தலைப் பறித்து, அவன் அழும்வரை கொடுக்காமல் வைத்திருந்தது என் மகன்தான். (தாயாக இதைக் கேட்பது எளிதன்று.) துன்புறுத்தப்பட்டுத் தானும் துன்புறுத்தும் பிள்ளைகளிடம் இருவகைச் சிக்கல்களும் சேர்ந்தே காணப்படுவதுண்டு என்று ஆலோசனை ஆசிரியர் விளக்கினார்.

கேலி செய்தவர்களுடன் அவர் தனித்தனியே பேசினார். மகனுக்கு வானில் முன்னிருக்கை தரப்பட்டது. வயிற்றுவலி இப்போது அரிது. இடைவேளையில் சேர்ந்திருக்க ஒரு நண்பன்தான் இன்னும் அமையவில்லை. பாடசாலை அசையாவிட்டால், இலங்கையில் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம்.