பழைய ஜீப், பின் இடது சக்கரத்தில் 2 ஸ்டட் (சக்கர நட் ஏறும் கம்பி) முறிந்துவிட்டது. என்ன அளவு, எங்கே கிடைக்கும்?

கோத்தகிரி ஜீப்
வணக்கம். வண்டி அப்பா வாங்கிய மஹிந்திரா சிஜே 3பி, பானெட் உயர்ந்து நிற்குமே, அந்த மாடல். கீழ் கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொழுந்து மூட்டை சுமந்தே அதன் பாதி ஆயுசு போனது. இப்போது ஞாயிற்றுக்கிழமை வண்டி.

போன வாரம் பின் இடது சக்கரத்தில் காற்று இறங்கியது. பஞ்சர் கடைப் பையன் வீல் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றான். டக். துரு என்று சொல்லி அடுத்த நட்டிலும் ஏறினான். மறுபடி டக். நட்டுக்குள்ளேயே ஸ்டட் துண்டாகி வந்துவிட்டது. மீதி மூன்றும் அசையவே இல்லை. காற்றை மட்டும் நிரப்பிக்கொண்டு உருட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

டவுனில் ஒரு கடையில் 'ஜீப் போல்ட்தான் சார்' என்று இரண்டு கொடுத்தார்கள். வலது சக்கரத்து நட் ஒன்றை அதில் போட்டுப் பார்த்தேன். விரலாலேயே கடைசி வரை ஏறுகிறது, ஆனால் லேசாக ஆடுகிறது. லேத்காரர் ஒருவர் கம்பியில் கடைந்து தருகிறேன் என்கிறார். எதைச் செய்வது?

குன்னூர் கிரீஸ் கை
அந்தப் பையன் கழற்றவில்லை, இறுக்கியிருக்கிறான். அமெரிக்க ஜீப் கம்பெனி வில்லிஸ் வழி வந்த பழைய வண்டிகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு லெஃப்ட் மரை, அதாவது நட் ஏறும் திருகுக் கோடு எதிர்த்திசையில் சுற்றும். சக்கரம் முன்னால் உருளும்போது நட் தானாகக் கழன்று வராமல் இருக்க அப்படி வைத்தார்கள். சங்கில் வலம்புரி, இடம்புரி இருப்பது போலத்தான், இது இடம்புரி. கழற்ற வேண்டுமானால் கடிகார முள் போகும் திசையில் திருப்பணும். ஸ்டட் முனையைத் துணியால் துடைத்துப் பாருங்கள், 'எல்' என்று ஆங்கில எழுத்து குத்தியிருக்கலாம். எழுத்து இல்லாவிட்டாலும் மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கணபதி லேத்
அந்த இரண்டையும் முதலில் கடையில் திருப்பிக் கொடுங்கள். 'விரலால் ஏறுகிறது, ஆனால் ஆடுகிறது' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். விஷயம் அதில்தான் இருக்கிறது.

உங்கள் ஜீப்பில் வருவது அரை இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. மில்லிமீட்டரில் சொன்னால் விட்டம் 12.7, மரைக்கு மரை இடைவெளி 1.27. கடையில் கொடுத்தது 12 மில்லி, 1.25 மரையாக இருக்க வேண்டும். இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் நட் தடையே இல்லாமல் ஓடும். ஆனால் ஸ்டட் 0.7 மில்லி மெலிந்தது, மரை நுனி மட்டும்தான் நட்டைப் பிடிக்கும். கையில் இறுகினது போலவே தோன்றும். மேட்டுப்பாளையம் ரோட்டில் லோடோடு பிரேக் பிடித்து இறங்கும்போது மரை மொத்தமாக உருவிக்கொண்டு வரும்.

வாங்கும்போது வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) எடுத்துப் போங்கள். மரை விட்டம், ஹப்புக்குள் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) இறுகும் பல் பகுதியின் விட்டம், தலையிலிருந்து முனை வரை நீளம், மூன்றும் பழையதோடு ஒத்து வரணும். பல் பகுதி சின்னதாக இருந்தால் நட்டை இறுக்கும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும்.

லேத் வேலை என் தொழில்தான், இருந்தும் சொல்கிறேன்: சாதாரண எம்எஸ் (மென்மையான இரும்பு) கம்பியில் வீல் ஸ்டட் கடையக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் இஎன்24 என்ற உறுதியான எஃகு எடுத்து, ஹீட் ட்ரீட்மென்ட் (சூடேற்றிப் பதமாக்குவது) பண்ணித்தான் போடணும். அப்படியும் கம்பெனி ஸ்டட்டில் மரையை அழுத்தி உருட்டியிருப்பார்கள், நாங்கள் வெட்டுகிறோம். உருட்டினதுக்குத்தான் உறுதி அதிகம்.

முறிந்த முகம் எப்படி இருக்கிறது?

கோத்தகிரி ஜீப்
அண்ணா, மீதி மூன்றும் வலப்பக்கம் திருப்பியதும் வெண்ணெய் மாதிரி கழன்றுவிட்டன. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஒன்றில் 'எல்' தெளிவாகத் தெரிகிறது.

முறிந்த முகம்: ஒரு ஸ்டட் முழுக்கப் பளபளவென்று சாம்பல் நிறம். இன்னொன்றில் ஓரமாகப் பிறை போல ஒரு பகுதி காப்பிப்பொடி நிறம், மீதி பளபளப்பு.

கணபதி லேத்
காப்பிப்பொடி நிறம் பழைய விரிசல். பையன் ஏறி நிற்பதற்கு முன்பே அது பாதி போயிருந்தது. ஐந்தையும் மாற்றிவிடுங்கள்.

கொழுந்து லாரி
எதுக்கு இவ்வளவு? ஹப்போடு வைத்து வெல்டிங் அடிச்சா முடிஞ்சது.

குன்னூர் கிரீஸ் கை
சூடு பட்டால் ஸ்டட்டின் பதம் போய்விடும் தம்பி. 14 கொண்டை ஊசி வளைவுகளில் தினம் இறங்குகிறவன் அதைச் செய்ய மாட்டான்.

கூடலூர் பெரியவர்
ஸ்டட் வாங்குவது பாதி வேலை. பின்பக்க ஹப், கீ (நழுவாமல் பிடிக்கும் சிறு இரும்புத் துண்டு) வைத்த டேப்பர் ஷாஃப்ட்டில் (நுனி நோக்கிக் கூம்பும் அச்சு) உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் அடித்து எடுக்கப் பார்க்காதீர்கள், ஷாஃப்ட் முனை பூ மாதிரி விரிந்துவிடும். ஹப் புல்லரை (ஹப்பை இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டி இறுக்கி, ஒரு இரவு அப்படியே விட்டால் காலையில் தானாகவே 'டொப்'பென்று விடும். ஷாஃப்ட் நட்டை முழுக்க எடுக்காமல் இரண்டு சுற்று தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் ஹப் பறந்து காலில் விழும்.

அடுத்தது, பழைய ஸ்டட்டை பிரேக் ட்ரம்மின் மேல் விளிம்பு விரித்து அடித்திருப்பார்கள். அந்த விளிம்பை வெட்டாமல் பிரஸ்ஸில் தள்ளினால் ஓட்டை பெரிதாகிவிடும், பிறகு எந்த ஸ்டட்டும் பிடிக்காது. முதலில் விளிம்பைக் கட்டரால் எடுத்துவிட்டு அப்புறம் தள்ளச் சொல்லுங்கள்.

திரும்பப் பூட்டும்போது டேப்பரில் கிரீஸ் தடவ வேண்டாம். ஷாஃப்ட் நட்டின் இறுக்கம் 150 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. காட்டர் பின் (நட் கழலாமல் குறுக்கே செருகும் கம்பி) ஓட்டை சேரவில்லையென்றால் இன்னும் இறுக்கணும், பின்னால் தளர்த்தக் கூடாது.

கோத்தகிரி ஜீப்
வேலை முடிந்தது. கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அரை நாள் அலைந்தேன். இடம்புரி ஸ்டட் கிடைத்ததெல்லாம் பழைய ஹப்பில் இருந்ததுதான், அந்தக் காப்பிப்பொடியைப் பார்த்த பிறகு வாங்க மனம் வரவில்லை. புதிதாக வலம்புரி ஐந்து, நட்டும் ஐந்து வாங்கி, கணபதி அண்ணன் சொன்னபடி அளந்து போட்டாயிற்று. புல்லர் இரவு இரண்டரை மணிக்கு விட்டது. தகரக் கூரையில் குரங்கு குதித்தது என்று நினைத்து டார்ச்சோடு வெளியே போனேன். 60 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டைத் திரும்ப இறுக்கிப் பார்த்தேன், ஒன்று மட்டும் கால் சுற்று வாங்கியது.

முன் இடதில் இன்னும் பழைய இடம்புரிதான். ரிம்மில் வெள்ளை பெயின்ட்டால் 'கழற்ற வலப்பக்கம்' என்று எழுதிவிட்டேன்.

கூடலூர் பெரியவர்
ஒரே பக்கத்தில் முன்னால் ஒரு மரை, பின்னால் ஒரு மரையா? மழையில் இருட்டில் பஞ்சர் ஆனால் பெயின்ட் தெரியுமா? அதையும் மாற்று தம்பி. முன் ஹப்புக்குப் புல்லர்கூட வேண்டாம்.

கோத்தகிரி ஜீப்
சரிங்க ஐயா. அடுத்த ஞாயிறு.